கரண்ட் போனாலும் ஓடும் தறி

என் மேசை இழுப்பறையில் ஒரு பஞ்சு உருண்டை இருக்கிறது. சுண்டைக்காய் அளவு. எண்ணெயும் கடல் உப்பும் ஏறிப் பழுப்பாகிவிட்டது. அது என் அத்தையின் காதில் இருந்தது.

அத்தை கருமத்தம்பட்டியில் விசைத்தறி ஓட்டுகிறார். மாமா இறந்த பிறகு கொட்டகை முழுவதும் அவர் பொறுப்பு. அந்த இரைச்சலில் கையசைவிலும் உதட்டசைவிலும்தான் பேச்சு நடக்கும். காதில் கழிவுப் பஞ்சை உருட்டி வைத்துக்கொள்வது அங்கே எல்லோருக்கும் வழக்கம். போன வருடம் ஒரு நாள், கோவையில் ஒரு செய்தித்தாளில் வேலை பார்க்கும் என்னிடம் வந்து, "கடலுக்கடியில சத்தமே இருக்காதாமா கண்ணு? செல்லுல பாத்தேன். ஒருக்கா கூட்டிட்டுப் போ" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

கூட்டமில்லாத ஊர் வேண்டும் என்றார். ராமநாதபுரம் கடற்கரையில், வரைபடத்தைப் பெரிதாக்கினால் மட்டும் பெயர் தெரியும் மீனவர் ஊர் ஒன்றைத் தேர்ந்தேன். காற்று எந்த மாதம் அடங்கும், தண்ணீர் எப்போது தெளியும், அவசரத்துக்கு மருத்துவமனை எங்கே என்று ஒவ்வொன்றையும் செய்தியைச் சரிபார்ப்பதுபோல் சரிபார்த்தேன். கோவையிலேயே ஒரு நீச்சல் குளத்தில் இருவருக்கும் ஸ்கூபா முன்பயிற்சி. கிணற்றில் நீந்தி வளர்ந்தவருக்குத் தண்ணீரில் பயமில்லை. ரப்பர் உடையை மாட்டிக்கொண்டு, "பஞ்சு மூட்டையாட்ட இருக்கறேன்" என்று தன்னையே கேலி செய்தார்.

முங்கப் போகும் முன் பயிற்சியாளர் தடுத்தார். அத்தையின் இரண்டு காதிலும் பஞ்சு.

"காதுல எதுவும் இருக்கக் கூடாதுங்கம்மா. ஆழத்துல அழுத்தம் உள்ள தள்ளிப்போடும்."

"பொட்டு வெக்கற மாதிரிங்க தம்பி. காலையில கை தானா வெச்சுபோடுது."

காதைக் காட்டிவிட்டு வரச் சொல்லி அனுப்பினார்கள். ஆர்.எஸ்.புரத்தில் மருத்துவர் விளக்கடித்துப் பார்த்தார். இடது செவிப்பறையில் ஓட்டை. முங்கவே கூடாது என்றார். பிறகு, "காதுக்குள்ள சத்தம் ஏதாச்சும் கேக்குதுங்களா?" என்று வழக்கமான கேள்வியாகக் கேட்டார்.

"தறி ஓடுதுங்க."

"இப்பவுமா?"

"எப்பவுமுங்க. கரண்ட் போனாலும் ஓடும்."

மார்கழிக் குளிரிலும் அத்தை மின்விசிறியை முழு வேகத்தில் ஓடவிட்டுத்தான் தூங்குவார். அந்தச் சத்தத்தில் இந்தச் சத்தம் கொஞ்சம் மறையும் என்று அன்றுதான் மருத்துவரிடம் சொன்னார். அத்தனை வருடமும் நாங்கள் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

"நீ போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு" என்றார். என்னோடு அந்த ஊருக்கு வந்தார். படகில், காதில் பஞ்சோடு உட்கார்ந்திருந்தார்.

நான் கீழே போனேன். என் ஒவ்வொரு மூச்சும் இரைந்தது. குமிழிகள் காதோரம் கொப்பளித்து ஏறின. பாறையெங்கும் கடுகு பொரிவதுபோல் ஓயாத படபடப்பு. எங்கோ ஒரு விசைப்படகின் இயந்திரம் நெஞ்சுக்குள்ளேயே தடதடத்தது. அவருக்கு என்ன பதில் சொல்வது என்பது தவிர அங்கே வேறெதுவும் எனக்குத் தோன்றவில்லை.

நான் மேலே வந்ததும் அத்தை படகிலிருந்து குனிந்து என் உதட்டையே பார்த்தார். பொய் சொல்ல முடியவில்லை.

"அங்கயும் சத்தந்தானுங்க அத்தை."

இடது காதிலிருந்த பஞ்சை எடுத்து என் ஈரக் கையில் வைத்தார். "அப்பறம் இதெதுக்கு" என்றார்.

அலுவலகத்தில் கரண்ட் போனால் எல்லாம் ஒரே நேரத்தில் நின்று, சட்டென்று அமைதியாகிவிடும். அப்போது இழுப்பறையைத் திறந்து பார்ப்பேன். கருமத்தம்பட்டியில் கரண்ட் போனால் தறிகள் நின்றுவிடும். ஒன்றைத் தவிர.