வராதவர்களின் சந்தா

லிங்கப்பனைப் போல ஒரு பொருளாளர் எந்தச் சங்கத்துக்கும் வாய்க்கக் கூடாது. நல்ல மனுஷன்தான், அதுதான் வினையே! ஹனூர்ப் பக்கத்துத் தமிழர். அங்கிருந்து வந்து, நஞ்சன்கூடு மில்லில் வேலை பார்த்து, ஓய்வுபெற்று மைசூரில் தங்கிவிட்டவர். மனைவி நாச்சம்மாள் போன பிறகு வீட்டில் பேச ஆளில்லை. மரம் வளர்ப்புச் சங்கம் ஒன்றுதான் அவருக்கு மிச்சமிருந்த உறவு.

ஆரம்பத்தில் சந்தா தானாக வந்தது. கூட்டம் போட்டால் போண்டா பத்தாது. பிறகு ஒவ்வொருவராக நழுவினார்கள். சந்தா கட்டாதவர் பேரை அடித்துவிட வேண்டும் என்பது சங்கத்து விதி. அவருக்கு மனசு வரவில்லை. வராதவர்கள் சந்தாவையெல்லாம் தன் பென்ஷனிலிருந்து கட்டி, அவரவர் பேரிலேயே ரசீது போட்டார். ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள். இவர் தனியாளாக இழுத்துவிட்டு ஊரே இழுத்ததாகக் கணக்கு எழுதினார். ஆண்டறிக்கையில் பாக்கியே இல்லை. தான் கட்டாதது அவனவனுக்குத் தெரியும். மற்றவர்கள் கட்டுகிறார்களே என்று நிம்மதியாக இருந்துவிட்டார்கள்.

இந்த வருஷம் சங்கம் கன்று வளர்த்துவந்த நாற்றங்காலுக்கே ஆபத்து வந்தது. இடத்தைச் சும்மா கொடுத்திருந்த பெரியவர் காலமாகி, மகன் பசவராஜ் பொறுப்புக்கு வந்தார். உறுப்பினர்கள் ஏழு பேர் ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து கையெழுத்துப் போட்டால் இடம் சங்கத்துக்கு. இல்லையென்றால் மனை போட்டு விற்றுவிடுவேன் என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

லிங்கப்பன் எல்லோருக்கும் போன் போட்டார். கூச்சத்தை விட்டு, சந்தா கட்டியது தான்தான் என்பதையும் சொன்னார். தலைவர் சீனிவாசன் பதறிப்போனார்.

"ஹௌதா! அப்படியா! என்ன சார் நீங்க, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? வெட்கமா இருக்கு சார்."

"அது கெடக்குதுங்க. ஞாயித்துக்கெழம நீங்க வந்தாப் போதுங்க."

"கட்டாயமா சார்."

ஞாயிற்றுக்கிழமை கொட்டகையில் நாற்காலிகளைத் துடைத்துப் போட்டுவிட்டுக் காத்திருந்தார். பசவராஜ்தான் முதலில் வந்தார். உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில் லிங்கப்பனின் போன் ஒலித்தது. சீனிவாசன் பழைய சந்தா முழுவதையும் அனுப்பி, மகள் வீட்டில் விசேஷம், மன்னியுங்கள் என்று எழுதியிருந்தார். பின்னாலேயே இன்னொரு உறுப்பினர் வைஷாலி அனுப்பினாள். அப்புறம் மல்லப்பன். பணம் வந்துகொண்டே இருந்தது. சங்கம் தொடங்கிய நாளிலிருந்து அதன் கையில் இவ்வளவு காசு இருந்ததே இல்லை.

பசவராஜ் காலி நாற்காலிகளைப் பார்த்தார். மற்றவர்கள் எங்கே என்று கன்னடத்தில் கேட்டார்.

லிங்கப்பன் போனைக் கவிழ்த்து வைத்தார். வாயில் தமிழ்தான் வந்தது.

"எல்லாரும் கட்டிட்டாங்கங்க" என்றார். அதோடு அழுதுவிட்டார்.