மணந்து பார்க்காத போத்தல்

1. மூக்கு உத்தியோகம்

பயணிகள் கப்பலில் எனக்குத் தந்த பதவியின் பெயர் கேங்வே செக்கியூரிட்டி. ஆட்கள் ஏறி இறங்கும் வாசலைத்தான் கேங்வே என்போம். பத்தொன்பது வருடம் அந்த வாசலில் நின்றேன். போன வருடம் ஓய்வுபெற்று யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரான மயிலிட்டிக்கு வந்தபின், கப்பலில் என்ன வேலை பார்த்தாய் என்று கேட்பவர்களுக்கு, "போத்தல் மணக்கிற வேலை" என்று சொல்கிறேன். சிரிக்கிறார்கள். பகிடிக்குச் சொல்லவில்லை, உண்மையில் அதுதான் வேலை.

முதல் நாள் எனக்கு மேலதிகாரியாக இருந்தவர் நேபாளத்துக்காரர், பட்டாளத்தில் இருந்து வந்தவர். நாங்கள் அவரைச் சீஃப் என்று கூப்பிடுவோம். ஒரு பயணியின் பையிலிருந்து பச்சைத் திரவம் உள்ள போத்தலை எடுத்து என்னிடம் தந்து, இது என்ன என்று கேட்டார். லேபலை வாசித்துவிட்டு, வாய் கொப்பளிக்கிற மருந்து என்றேன். "மணந்து பார்" என்றார். பச்சைச் சாயம் போட்ட வொட்கா. "எக்ஸ்ரே மெசினுக்குப் போத்தல்தான் தெரியும், உள்ளே இருப்பது தெரியாது. அதற்குத்தான் உனக்குச் சம்பளம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ரூல் சிக்கலானதல்ல. ஏறும் நாளில் வளர்ந்த ஒருவருக்கு ஒரு போத்தல் வைன் கொண்டுவரலாம். வேறு மதுபானம் எதுவும் கூடாது. வழித் துறைமுகங்களில் வாங்கினால் கபின் நம்பர் எழுதிய துண்டைக் கட்டி எங்கள் லொக்கரில் பூட்டிவைப்போம், பயணம் முடியும்போது திருப்பிக் கொடுப்போம். தண்ணீர்ப் போத்தல் என்றால் சீல் உடையாததாக இருக்க வேண்டும். தீர்த்தம், கங்கை நீர் போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. அதுவும் திறந்து சோதித்த பிறகு.

இந்த ரூலை உடைக்கச் சனம் படும் பாட்டை நான் எவ்வளவோ பார்த்திருக்கிறேன். இளநீரில் ஊசியால் துளை போட்டு ரம் ஏற்றிக்கொண்டு வந்த புதுமாப்பிள்ளை. ஷாம்பூப் போத்தலில் ஜின் கொண்டுவந்து, அதைச் சரியாகக் கழுவாமல் நுரை தள்ளக் குடித்த நாலு சிநேகிதர்கள். தயிர்ச் சட்டிக்கு அடியில் பிளாஸ்டிக் பை வைத்திருந்த ஒரு பெரிய மனிதர், நான் கையை விட்டதும் என்னைவிட அதிகமாக ஆச்சரியப்பட்டார். பிடிபட்டவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "உங்கடை பாரிலை விக்கிறதுக்காகத்தானே எங்கடையைப் பறிக்கிறியள்?"

எனக்கும் அதே எண்ணம்தான். கொம்பனியின் வியாபாரத்துக்குக் காவல் நிற்கிறேன், அதற்கு என் மூக்கு வாடகைக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

2. சுமதி சொன்ன காரணம்

ஓய்வுபெறுவதற்கு மூன்று வருடம் முன்பு, சென்னையிலிருந்து காங்கேசன்துறைக்கும் திருகோணமலைக்கும் போகும் கப்பலில் என்னைப் போட்டார்கள். ஊர் வாசலுக்கே வேலைக்குப் போவது போல இருந்தது. பயணிகளில் எங்கள் பக்கத்து ஆட்களும் வருவார்கள். முப்பது நாற்பது வருடத்துக்கு முன் சென்னைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டவர்கள், அவர்களுடைய பிள்ளைகள்.

சென்னையில் ஏறிய அன்று, சோதனை முடிந்து உள்ளே போன ஒரு பெண் திரும்பி வந்தாள். நாற்பது வயது இருக்கும். என் சட்டையில் இருந்த பெயர் அட்டையையும் அதில் எழுதியிருந்த நாட்டையும் பார்த்தாள்.

"அண்ணை யாழ்ப்பாணமோ?"

"ஓம் தங்கச்சி. மயிலிட்டி."

"நாங்கள் தெல்லிப்பழை. என்ரை பேர் சுமதி. உங்களிட்டை ஒரு உதவி கேக்கவேணும். அந்தா, தொப்பி போட்டுக்கொண்டு நிக்கிறார், அவர் என்ரை அப்பா."

எழுபதைத் தாண்டிய மெலிந்த மனிதர். பெயர் சிவபாதம். சுவரில் இருந்த கப்பல் வரைபடத்தைக் கவனமாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவருக்கு ஈரல் பழுது அண்ணை. இனி ஒரு சொட்டுத் தொட்டாலும் உள்ளுக்கை ரத்தம் உடைக்கும் எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். பதினொரு மாசமாத் தொடேல்லை. ஊரைப் பாக்கவேணும் எண்டு கேக்கிறார். பிளேனிலை கூட்டிக்கொண்டு போனா ஒவ்வொரு கடையா நான் பின்னாலை திரியவேணும். அதுதான் கப்பல். உங்கடை ரூலை வாசிச்சுப்போட்டுத்தான் டிக்கெட் எடுத்தனான். அவரின்ரை கப்பல் அட்டையிலை, பாரிலை ஒண்டும் குடுக்கவேண்டாம் எண்டு எழுதிக் குடுத்திட்டன். இனி வெளியிலை இருந்து வந்தா உங்கடை வாசலாலைதான் வரவேணும்."

அத்தனை வருடத்தில் எங்கள் ரூலுக்காக ஒருவர் கப்பல் ஏறியதாக நான் கேள்விப்பட்டதில்லை. எனக்கு ஒரு பெருமை வந்துவிட்டது. வேண்டாத பெருமை.

"யோசியாதேயுங்கோ தங்கச்சி. என்ரை மூக்கைத் தாண்டி ஒண்டும் போகாது" என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. இத்தனை நாளும் தனியே சுமந்ததைக் கொஞ்ச நேரம் இறக்கி வைத்தவள் போலத் தகப்பனிடம் போனாள்.

3. கீரிமலை

காங்கேசன்துறையில் கப்பல் வெளியே நங்கூரமிட்டு நிற்க, ஆட்களைப் படகில் கரைக்குக் கொண்டுபோய்ப் பின்னேரம் திருப்பி ஏற்றினோம். அன்று வாசலில் நின்ற எனக்குக் கடமையில் பாதி மனம்தான். படகுக் கதவால் பார்த்தால் எங்கள் ஊர்க் கரை தெரிகிறது.

சிவபாதம் ஐயாவும் மகளும் பக்கத்திலுள்ள கீரிமலைக் கோயிலுக்கும் அதன் தீர்த்தக் கேணிக்கும் போயிருந்தார்கள். வந்தபோது ஐயாவின் தலை ஈரம், நெற்றியில் மூன்று குறி விபூதி. பெண்களைச் சோதிக்கும் வரிசை மறுபக்கம் இருந்ததால் சுமதி அங்கே போய்விட்டாள். ஐயா என்னிடம் வந்தார். அவருடைய பைக்குள் ஒரு கண்ணாடிப் போத்தல். கழுத்தில் மஞ்சள் துணி, மூடிக்கு மேலும் விபூதி. உள்ளே தெளிந்த நீர்.

"தீர்த்தம் தம்பி. கேணியிலை எடுத்தது. சாமியறையிலை வைக்கக் கொண்டுபோறன்."

கையில் வாங்கினேன். ரூலின்படி நான் மூடியைத் திறந்து மணக்க வேண்டும். எனக்குக் கை வரவில்லை.

இதை வெளி ஆட்களுக்கு விளக்குவது கஷ்டம். சாமிக்குப் பறித்த பூவை மணந்து பார்க்கக் கூடாது என்று எங்களை வளர்த்திருக்கிறார்கள். மணந்தால் அது எச்சில் மாதிரி, பிறகு வைக்க ஏலாது. எட்டு வயதில் ஒரு செவ்வரத்தம் பூவை மூக்கில் வைத்ததற்கு அம்மாவிடம் குட்டு வாங்கியவன் நான். கீரிமலைத் தீர்த்தத்தில் மூக்கை வைப்பதா? அதுவும் ஷாம்பூப் போத்தல் மணந்த மூக்கை?

நான் தயங்குவதை ஐயா கண்டார். "பாரும் தம்பி, பாக்கத்தானே வேணும். உம்மடை வேலை" என்று சொல்லிக்கொண்டு தானே மூடியில் கையை வைத்துத் திருகப் போனார். நான் அவருடைய கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"வேண்டாம் ஐயா. கொண்டு போங்கோ" என்றேன்.

அவர் போத்தலை இரண்டு கையாலும் வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார். நல்ல காரியம் செய்த திருப்தியோடு அடுத்தவருடைய பையை இழுத்தேன்.

4. ஸ்ட்ரெச்சர்

அடுத்த நாள் காலை பத்து மணிபோல ரேடியோவில் ஸ்ட்ரெச்சர் கேட்டார்கள். ஸ்ட்ரெச்சர் தூக்குவது செக்கியூரிட்டி ஆட்களின் வேலை. கபினுக்குள் போன நாலு பேரில் நானும் ஒருவன். சிவபாதம் ஐயா குளியலறை வாசலில் கிடந்தார். நிலத்தில் ரத்த வாந்தி. சுமதி அவருடைய தலையை மடியில் வைத்திருந்தாள்.

மேசைக்குக் கீழே மஞ்சள் துணி கிடந்தது. பக்கத்தில் போத்தல், அடியில் இரண்டு விரல் அளவு மிச்சம். அதைக் குனிந்து எடுத்து மணந்தேன். முந்தின நாள் மணந்திருக்க வேண்டியதை அப்போதுதான் மணந்தேன். கசிப்பு. ஊரில் களவாக வடிக்கும் சாராயம், தண்ணீர் மாதிரியே தெளிவானது.

சுமதி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"நீங்கள் மணந்து பாக்கேல்லையோ அண்ணை?"

"தீர்த்தம் எண்டு சொன்னவர், தங்கச்சி."

"எனக்கும் அப்பிடித்தான் சொன்னவர். ஆம்பிளையளின்ரை கேணிக்கு நான் போகேலாதுதானே, வெளியிலை நிண்டனான். போத்தலோடை வந்தார். நானும் திறந்து பாக்கேல்லை. நீங்கள் பாப்பியள் எண்டு இருந்தனான்."

அவள் கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் இன்றைக்கும் முழுதாகப் போகவில்லை.

கப்பல் டொக்டர் ரத்தத்தை ஒருவாறு கட்டுப்படுத்தினார். மத்தியானம் திருகோணமலை. அங்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் படகு வரும்வரை ஐயாவை என் வாசலிலேயே கிடத்தியிருந்தோம். சுமதி பாஸ்போட் எடுக்கப் போயிருந்தாள். ஐயா கண்ணைத் திறந்து என்னைக் கண்டார்.

"தம்பி, உம்மிலை பிழையில்லை."

"கதைக்காதேயுங்கோ ஐயா."

"வழியிலை எங்கடை வீடு இருந்த இடத்தைப் பாத்த கவலையிலை குடிச்சனான் எண்டு மகளுக்குச் சொல்லியிருக்கிறன். அது பொய். வெறும் போத்தலும் மஞ்சள் துணியும் சென்னையிலை இருந்தே கொண்டு வந்தனான். ஓட்டோக்காரப் பெடியன் கேணியடியிலை ஊத்தித் தந்தவன். நீர் மயிலிட்டிப் பெடியன் எண்டு மகள் சொன்னவள். மணக்கமாட்டீர் எண்டு தெரிஞ்சுதான் திறக்கப் போனனான்."

அவர் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னார்:

"கையை நீட்டியிருந்தீர் எண்டா நான் பிடிபட்டிருப்பன்."

"என்ன ஐயா?"

"எனக்கும் கொஞ்சம் தாங்கோ எண்டு கையை நீட்டியிருந்தீர் எண்டா? தீர்த்தம் கேட்டவனுக்கு இல்லை எண்டு சொல்லேலுமே? நான் என்ன செய்திருப்பன் எண்டு ராத்திரி முழுக்க யோசிச்சனான்."

படகு வந்தது. தூக்கி இறக்கினோம். சுமதி படியில் இறங்கும்போது என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

5. வலது கை

நடந்ததை ஒளிக்காமல் ரிப்போட் எழுதினேன். போத்தல் திறக்கப்பட்டதா? இல்லை. ஏன்? மத காரணம். இந்தக் கப்பலிலும் எனக்கு மேலே இருந்த அதே நேபாளத்துச் சீஃப் அதை இரண்டு தரம் வாசித்தார். அவருடைய கபினிலும் ஒரு சாமிப் படமும் சின்ன மணியும் இருக்கின்றன. எச்சரிக்கைக் கடிதத்தில் என்னிடம் கையெழுத்து வாங்கிவிட்டு, "நானென்றாலும் மணந்திருக்க மாட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம் தேவை" என்றார்.

அதற்குப் பிறகு யார் தீர்த்தம் கொண்டுவந்தாலும், இடது கைக்கு மேல் வலது கையைக் குழித்து, கோயிலில் வாங்குவது போல நீட்டுவேன். "எனக்கும் கொஞ்சம்." ஒருவர்கூட முகம் சுளித்ததில்லை. சந்தோஷமாக ஊற்றுவார்கள், சிலர் இரண்டு தரம். நான் குடித்துவிட்டு மிச்சத்தைத் தலையில் தடவிக்கொள்வேன். ஊர் பேர் தெரியாத நீரைக் கடமையில் இருப்பவன் குடிப்பது இன்னொரு ரூலுக்குப் பிழை. அதைக் காணாத மாதிரிச் சீஃப் அந்த நேரம் எக்ஸ்ரே திரையைப் பார்ப்பார்.

இப்போது இந்த வேலைக்குப் போகும் பெடியள் என்னிடம் வந்து கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ரூல் யாருடைய லாபத்துக்கு எழுதப்பட்டது என்று வாசலில் நிற்கிறவன் ஆராயத் தேவையில்லை. அதை நம்பி உள்ளே யாரோ ஒருவர் நிம்மதியாக இருக்கக்கூடும். அவர் யாரென்று உங்களுக்குத் தெரியவராது. எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் விட்டேன்.

ஐயா உயிரோடு இருக்கிறாரா என்று இரண்டு வருடம் எனக்குத் தெரியாது. விசாரிக்கப் பயம். என் கடைசிக் கொன்ட்ராக்டில், அதே காங்கேசன்துறை, அதே பின்னேரம். சென்னையில் ஆட்கள் ஏறியபோது வாசலில் என் முறை இல்லை; இப்போது படகிலிருந்து ஏறிய வரிசையில் அதே தொப்பி. இன்னும் மெலிந்திருந்தார். இந்த முறை சுமதி மறுபக்கம் போகாமல் அவருக்குப் பின்னாலேயே நின்றாள்.

ஐயா பையைத் திறந்து ஒரு போத்தலை எடுத்தார். மஞ்சள் துணி, விபூதி, தெளிந்த நீர். நான் கேட்க முன்னமே அவர் மூடியைத் திருகினார்.

"கையை நீட்டும் தம்பி" என்றார்.

நீட்டினேன். அவர் ஊற்றியதில் பாதி தரையில் சிந்தியது. சுமதி தகப்பனையும் பார்க்கவில்லை, போத்தலையும் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

குடித்தேன்.

"தண்ணிதான், தங்கச்சி" என்றேன்.

அவள் கையை நீட்டினாள். ஐயா அவளுக்கும் ஊற்றினார்.