கொடை சட்னி என்று ஒன்று கிடையாது

ரோட்டோரம் சாப்பாட்டுக் கடை போட்டவர்கள் மழையைத் திட்டுவார்கள், குரங்கைத் திட்டுவார்கள். நான் முதலில் திட்டுவது பக்கத்துக் கடை ஆரோக்கியத்தை.

கொடைக்கானல் ரோட்டில், செண்பகனூர் வளைவில் எனக்கு ஒரு தள்ளுவண்டி. தேங்காய் ரொட்டியும் மிளகாய்ச் சம்பலும் விற்கிறேன். மிளகாய் வற்றல், சின்ன வெங்காயம், மாசிக் கருவாடு, உப்பு எல்லாம் அம்மியில் தட்டி எலுமிச்சை பிழிந்தால் அதுதான் சம்பல். சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து எங்களைக் கப்பலேற்றி அனுப்பியபோது அம்மா கொண்டுவந்ததில் இன்றைக்கும் கெடாமல் இருப்பது இது ஒன்றுதான். ஆரோக்கியம் டீயும் பிரெட் ஆம்லெட்டும் போடுகிறவன். ருசி பார்க்கிறேன் என்று ஒரு கரண்டி வாங்கிப் போனான். மறுவாரம் அவன் ஆம்லெட்டுக்குப் பக்கத்தில் அதே சிவப்பு. போர்டில் 'கொடை ஸ்பெஷல் சட்னி'. போய்க் கேட்டேன். "ருசிக்கு ஏதுண்ணே பட்டா?" என்றான்.

கடை வைத்திருப்பவர்கள், வைத்து மூடியவர்கள், உங்களுக்குத்தான் என் வயிற்றெரிச்சல் புரியும்.

காய்ச்சலுக்கு ரொட்டி

மதுரைக்காரர் ஒருவர் காரை நிறுத்தி, மகளுக்குக் காய்ச்சல், ரொட்டி இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். காய்ச்சலுக்கு வாங்குகிற ரொட்டி பேக்கரி ரொட்டி என்பது எனக்கும் தெரியும். அடுப்புச் சூட்டில் நினைப்பு வரவில்லை. நாலு ரொட்டி, தாராளமாகச் சம்பல், கட்டிக் கொடுத்துவிட்டேன்.

சாயங்காலம் அதே கார் திரும்பி வந்தது. அடிக்கத்தான் வருகிறார் என்று தோசைக் கரண்டியை இறுக்கிப் பிடித்தேன். அந்தப் பெண் சம்பலைத் தொட்டு நாக்கில் வைத்ததும் தலையோடு கால் வேர்த்து, காய்ச்சல் இறங்கிவிட்டதாம். "நான் ரொட்டிதாங்க கேட்டேன், வைத்தியமா கேட்டேன்? இன்னும் ரெண்டு கட்டுங்க."

தேங்காயைத் தேடியவர்

சென்னையிலிருந்து வந்த அம்மா ஒருவர் ரொட்டியை நாலாகப் பிய்த்து, ஒவ்வொரு துண்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். தேங்காய் பன் மாதிரி நடுவில் பூரணம் இருக்கும் என்று நினைத்துவிட்டார் போல. துருவி மாவிலேயே பிசைந்திருக்கிறேன் என்று சொன்னேன். அவர் என்னையும் ரொட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப நீங்க சொல்றத வச்சுத்தான் நம்பணும்."

பூண்டிக்காரர்

பூண்டியிலிருந்து பூண்டு மூட்டையோடு சந்தைக்குப் போகிற விவசாயி ஒருவர் என்னிடம் நின்று சாப்பிட்டுவிட்டுத்தான் போவார். சம்பலில் பூண்டு இல்லாதது அவர் தோட்டத்தையே நான் பழித்த மாதிரி. சம்பலுக்குப் பூண்டு சேராது என்றேன். அடுத்த வாரம் ஒரு பை பூண்டு கொண்டுவந்து வைத்தார். நான் போடவில்லை. அதற்கடுத்த வாரம் இன்னொரு பை. வீட்டில் எல்லாக் குழம்பும் பூண்டுக் குழம்பாகி, சம்சாரம் என்னைத் தள்ளிப் படுக்கச் சொல்லிவிட்டாள். அரை டவுசரில் இந்த மலை ஏறியவன் நான். ஓட்டும் ரேஷனும் எனக்கு செண்பகனூரில்தான். அந்த மனுஷன் என்னைப் பரிதாபமாகப் பார்த்துக் கேட்டார்: "ஒங்க நாட்டுல பூண்டே வெளையாதோண்ணே?"

கிட்டத்தட்ட

ஆரோக்கியத்தின் சட்னியை யாரோ போனில் படம் பிடித்துப் போட்டார்கள். அதில் அவன், இது எங்க தாத்தா காலத்து ஐட்டம் என்று சொல்கிறான். அவன் தாத்தாவை எனக்குத் தெரியும். மிளகு ரசத்துக்கே கண்ணீர் விட்ட மனுஷன்.

அதற்குப் பிறகு அங்கே உட்கார இடமில்லை. இடம் கிடைக்காத தம்பி ஒருவர் என்னிடம் வந்தார். நிதானமாகத் தின்றார், விரலை நக்கினார், என் தோளில் தட்டிக் கொடுத்தார். "பக்கத்துக் கடையப் பாத்துதான் செய்றீங்கன்னு தெரியுதுங்க ஐயா. பரவால்ல, கிட்டத்தட்ட வந்திருச்சு."

மிக்ஸி புகைந்த ஞாயிறு

சீசன் உச்சத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆரோக்கியத்தின் மிக்ஸி புகைந்து நின்றுவிட்டது. கடை முன்னால் ஒரு வேன் ஜனம், ஆம்லெட்டைக் கையில் வைத்துக்கொண்டு சட்னிக்குக் காத்து நிற்கிறது. அவன் கிண்ணத்தோடு என் வண்டிக்கு வந்தான்.

இதற்குத்தான் நான் காத்திருந்தேன். காசு வேண்டாம், 'இது சட்னி இல்லை, சம்பல், இந்த அண்ணன் வீட்டுச் சம்பல்' என்று அந்தக் கூட்டத்துக்குக் கேட்கிற மாதிரி ஒரு தடவை சொல், சட்டியோடு எடுத்துக்கொண்டு போ என்றேன். அவன் கூட்டத்தைப் பார்த்தான். போர்டைப் பார்த்தான். வாயைக்கூடத் திறந்தான். அதற்குள் அங்கே ஒரு சின்னப் பிள்ளை பசியில் அழ ஆரம்பித்துவிட்டது. என் கை இருக்கிறதே, அதற்கு ரோஷம் கிடையாது. அழுகைச் சத்தம் கேட்டதும் கரண்டியைத் தூக்கிவிட்டது. அவன் கிண்ணத்தை இன்னும் கிட்டே நீட்டினான். "வெரசா போடுங்கண்ணே, ஆம்லெட் ஆறிப்போகுது. பேரெல்லாம் சீசன் முடியட்டும், உக்காந்து பேசிக்கிடுவோம்."

சீசன் முடிந்து மழையும் பிடித்துக்கொண்டது, ரெண்டு கடையிலும் ஈ ஓட்டுகிறோம், உட்கார்ந்து பேச நேரம் மலை மாதிரி கிடக்கிறது, அவன்தான் இன்னும் உட்காரவில்லை.