நகத்தில் அச்சான மாப்பிள்ளை பெயர்

பனியனில் ஒட்டும் ஸ்டிக்கர்களுக்குக் கம்ப்யூட்டரில் படம் வரைவதுதான் திருப்பூரில் எனக்கு வேலை. அந்தச் சமயத்தில் எங்கள் தெரு பியூட்டி பார்லர் அக்கா, நகத்தில் படம் அச்சடிக்கும் மெஷின் ஒன்று வாங்கினார். விரலை உள்ளே நீட்டினால் போதும், நாம் கொடுத்த படம் நகத்தில் வந்துவிடும்.

என் அறைத்தோழிக்குத் திருப்பூரிலேயே கல்யாணம் வைத்தார்கள். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. அவளுடைய எட்டு விரல்களுக்கு மல்லிகை மொட்டும், கட்டைவிரல் ஒன்றுக்கு அவள் பெயரும் மற்றொன்றுக்கு மாப்பிள்ளை பெயரும் வரைந்து கொடுத்தேன். வரவேற்பன்று மதியம் அச்சடித்து முடித்ததும், துணியைப் பார்ப்பதுபோல விரல்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“ஏக்கா, பேரு ரெண்டும் திரும்பியில்லா நிக்கி?”

தப்பு என்னுடையதுதான். ஸ்டிக்கரைக் கவிழ்த்து ஒட்டுவதால் எழுத்துகளை எப்போதும் இடவலம் மாற்றித்தான் வரைவேன். பழக்க தோஷத்தில் இதையும் அப்படியே செய்திருந்தேன்.

“தொடச்சுட்டு மறுபடி போட்டுக்கலாம் கண்ணு,” என்றார் பார்லர் அக்கா.

அவள் தன் பெயரை மட்டும் மாற்றச் சொன்னாள். “அவரு பேரு இப்படியே இருக்கட்டும். கண்டுபிடிக்காரான்னு பாப்போம்.”

மேடையில் போட்டோவுக்கு நின்றபோது மாப்பிள்ளை அவள் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்றவர்களுக்கெல்லாம் காட்டிக் காட்டிச் சிரித்தார். அதற்கப்புறம்தான் நான் பந்திக்குப் போனேன்.