நாடு எது என்று கேட்ட கப்பல்: மெல்பேர்ணிலிருந்து சிட்னிக்கு, 1976

இந்த அவுஸ்திரேலியா நாட்டில் கவர்னர் ஜெனரல் ஒருவர் பிரதமரையே வேலையால் நிறுத்தினாரே, அதற்கு அடுத்த வருசம். இலங்கையில் எங்கள் பக்கம் வட்டுக்கோட்டையில் தனிநாடு வேண்டும் என்று தீர்மானம் எடுத்த வருசம். அமெரிக்காவுக்கு இருநூறு வயது என்று ரேடியோ ஓயாமல் சொன்னதும் அந்த வருசம்தான். எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. வருசங்களை நான் இப்படித்தான் தலையில் வைத்திருக்கிறேன். நான் சொல்லச் சொல்ல எழுதுவது இந்தப் போன். பிழை இருந்தால் அதைத் திட்டுங்கோ.

மெல்பேர்ணிலிருந்து சிட்னிக்கு ரயிலில் போகலாமா என்று கோயிலில் பலர் கேட்கிறார்கள். போகலாம். நான் முதல் தரம் போன கதையைச் சொல்கிறேன்.

அப்போது நான் லைபீரியாக் கொடி பறந்த ஒரு சரக்குக் கப்பலில், என்ஜின் அறையில் எண்ணெய் போடுகிற வேலை. மெல்பேர்ணில் கப்பல் பழுதாகி நின்றுவிட்டது. சிட்னியில் நிற்கிற தன் இன்னொரு கப்பலில் ஏறச் சொல்லி எங்கள் மூன்று பேரைக் கொம்பனி ரயிலில் அனுப்பியது. நான் வல்வெட்டித்துறை. அருளப்பு மன்னார், எட்டாம் வகுப்புப் படித்தவன், இங்கிலிஷ் வாசிப்பான். மூன்றாவது ஆள் இராசு. பண்டாரவளைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன், எங்களில் இளையவன்.

கொழும்பில் கப்பலுக்கு ஆள் பிடிக்கிறவன் கரையோரப் பெடியளைத்தான் எடுப்பான். அதனால் மலைநாட்டான் ஒருவன் வந்தால், "வல்வெட்டித்துறை எண்டு சொல்லு" என்று பழக்கிவிடுவது எங்களுக்குள் வழக்கம். இராசுவையும் அப்படித்தான் ஏற்றினோம். வாய் தவறி "ஆமா" என்றால் அருளப்பு தலையில் குட்டுவான்: "ஓம் எண்டு சொல்லடா." இராசுவுக்கு இலங்கையும் குடியுரிமை கொடுக்கவில்லை, இந்தியாவும் கொடுக்கவில்லை. லைபீரியாக்காரர் கொடுத்த மாலுமிப் புத்தகம் ஒன்றுதான் கையில், அதிலும் பிறந்த ஊர் வல்வெட்டித்துறை. கப்பல் வேலை போனால் அவன் இறங்குவதற்கு உலகத்தில் ஒரு கரை இல்லை.

ஸ்பென்சர் ஸ்ட்ரீட் ஸ்டேசனில் காலையில் ஏறினோம். தூரம் ஏறக்குறைய தொள்ளாயிரத்து அறுபது கிலோமீற்றர். அல்பரி ஸ்டேசனில் பிளாற்போம் முடியவே முடியாது, அவ்வளவு நீளம். ஜூனீ ஸ்டேசனில் ஆளுக்கொரு இறைச்சிப் பை, மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட பண்டம், வாங்கிச் சாப்பிட்டோம். உப்பும் இல்லை உறைப்பும் இல்லை. அதைவிட என்னைத் திகைக்க வைத்தது வெளியே தெரிந்த நிலம். மணிக்கணக்கில் ஒரு மனிதப் பூச்சி இல்லை. "இவ்வளவு காணியும் ஆருடையதடா?" என்று கேட்டேன். "வேலி போட்டவன்ரை" என்றான் அருளப்பு. சிட்னி சென்ட்ரலில் இறங்கும்போது இராத்திரிச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது.

அடுத்த நாள் முழுக்க ஓய்வு. துறைமுகத்தைப் பார்க்க நடந்தோம். சென்ட்ரலிலிருந்து மூன்று கிலோமீற்றர்தான், நடக்கலாம். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு மண்டபத்தில் அமெரிக்காவின் இருநூறு வயதுக்குக் கண்காட்சி, உள்ளே போகக் காசு இல்லை, தேத்தண்ணியும் உண்டு என்று அருளப்பு வாசித்தான். ஒதுங்கினோம். அங்கே விளக்கம் சொன்ன அமெரிக்க அம்மா ஒருவர், நாங்கள் மாலுமிகள் என்றதும் சந்தோசப்பட்டு நேரே கடல் படங்களிடம் கூட்டிக்கொண்டு போனார்.

ஒரு படத்தில் கப்பல் தட்டில் மாலுமிகள் வரிசையாக நிற்கிறார்கள். இங்கிலிஷ்காரக் கடற்படை அதிகாரி, வரிசையில் நிற்கிற ஒருவனுடைய சட்டைக் கையைத் தூக்கிப் பார்க்கிறான். அந்த அம்மா சொல்ல, அருளப்பு தமிழாக்கினான்.

"இங்கிலிஷ்காரர் தங்கடை கடற்படைக்கு ஆள் போதாதெண்டு அமெரிக்கக் கப்பலுகளை மறிப்பாங்களாம். எங்க பிறந்தனி எண்டு கேப்பாங்களாம். இங்கிலாந்தில பிறந்தவன் சாகுமட்டும் இங்கிலாந்தான் எண்டு இழுத்துக்கொண்டு போவாங்களாம். அமெரிக்காவில பிறந்தவனையும் பொய் சொல்லுறாய் எண்டு இழுப்பாங்களாம். அதுக்காக மாலுமியள் கையில பச்சை குத்தி, அந்த அடையாளத்தைக் கடதாசியில எழுதி வைச்சிருப்பினமாம்."

நூற்றெழுபது வருசத்துக்கு முன் ஒரு முறை அமெரிக்கப் போர்க்கப்பலையே சுட்டு, நாலு பேரைப் பிடித்து, ஒருவனைத் தூக்கிலும் போட்டார்களாம். சில வருசத்தில் இரண்டு நாடும் யுத்தத்துக்குப் போய்விட்டன. அது மட்டும் காரணமில்லை, கனடாவைப் பிடிக்கிற ஆசையும் இருந்தது என்று அந்த அம்மாவே ஒளிக்காமல் சொன்னார். என் காதில் அது ஏறவில்லை. மாலுமிக்காக ஒரு நாடு பீரங்கி தூக்கியதா? எங்களுக்குச் சம்பளம் மூன்று மாதம் பிந்தினாலும் கேட்க நாதி இல்லை.

அடுத்த சுவரில் பெரிய வரைபடம். பிரான்ஸ்காரனிடம் காசு கொடுத்து நிலம் வாங்கினார்களாம், ஒரே நாளில் நாடு இரண்டு மடங்கு பெருத்ததாம். ஏதோ தோட்டக்காணி வாங்குகிற மாதிரி. அதுவரை பேசாமல் வந்த இராசு வரைபடத்துக்குக் கிட்டப் போனான்.

"அண்ணே, அந்த நெலத்துல ஆளுங்க இருந்தாங்களான்னு கேளுங்க."

"இருந்தவையாம். முதல் தொட்டு இருந்த சனம்."

"அவுங்ககிட்ட யாராச்சும் கேட்டாங்களா?"

அந்த அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, இல்லை என்று தலையாட்டினார்.

"வித்த பெறகு அவுங்க எந்த நாட்டு ஆளு?"

அருளப்பு கேட்டு வந்து மெல்லச் சொன்னான்: "ஒரு நாட்டு ஆளாயும் சேர்க்கேல்லையாம். பிறகு அந்தச் சனத்தை மேற்குப் பக்கம் துரத்தினவையாம்."

"எங்களையும் அப்படித்தானே," என்றான் இராசு. "டெல்லியில உக்காந்துகிட்டு, இத்தனை லட்சம் பேரு ஒனக்கு, இத்தனை லட்சம் எனக்குன்னு ரெண்டு நாட்டுப் பிரதமருங்களும் பிரிச்சுக்கிட்டாங்க. அந்நேரம் எங்கப்பா தோட்டத்துல கொழுந்து நிறுத்துக்கிட்டு இருந்திருப்பாரு."

"டேய், வல்வெட்டித்துறையான் இப்பிடிக் கதைக்கமாட்டான்," என்று அருளப்பு பகிடி விட்டான். இராசு சிரிக்கவில்லை. தேத்தண்ணியும் குடிக்கவில்லை.

மறுநாள் காலை பிர்மொண்ட் துறையில் புதுக் கப்பல். பெட்டிகளைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தால், கப்பல் தட்டில் எங்களை வரிசையாக நிறுத்துகிறார்கள்! அச்சு அசல் அந்தப் படம். கிரேக்க நாட்டுத் தலைமை அதிகாரி எங்கள் புத்தகங்களுடன் முன்னால். கழுத்துப்பட்டி கட்டிய கொம்பனி ஏஜன்ட் பக்கத்தில். எங்கே பிறந்தாய் என்று கேட்டார்கள். நான் வல்வெட்டித்துறை என்றேன். அருளப்பு மன்னார் என்றான். இராசுவின் முறை வந்தது.

"பண்டாரவளை, சேர். டீ எஸ்டேட்."

"புத்தகத்தில் வேறு ஊர் இருக்கிறதே?"

"புத்தகம் பொய், சேர்."

"விசரா, வாயை மூடடா!" என்று அருளப்பு பல்லைக் கடித்தான்.

"எந்த நாடு?"

"நோ கன்ட்ரி, சேர். ஒருத்தரும் எடுக்கலை."

அதிகாரி முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. நாடில்லாதவனை ஒரு துறையிலும் இறக்க முடியாது, என் கப்பலிலேயே கிழவனாகிச் சாவான், வேண்டாம் என்றார். குடிவரவுக்காரர் வரும்வரை அங்கேயே நில் என்று ஏஜன்ட் ஓரத்தைக் காட்டினான். பிடித்து அடைப்பார்கள், பிறகு எங்கே அனுப்புவார்கள்? யார் எடுப்பார்கள்?

"ஏனடா இப்பிடிச் செய்தனி?" என்று கேட்டேன்.

"அந்தப் படத்துல நின்னவன் எங்க பொறந்தேன்னு உண்மையச் சொன்னான்ண்ணே. நம்புனாங்களோ இல்லையோ, சொன்னான். நான் ஒரு தடவகூட சொன்னதில்ல."

அந்நேரம் மணி அடித்தது. துறைமுகத் தொழிலாளர் தேத்தண்ணிக்கு இறங்கத் தொடங்கினார்கள். ஏஜன்ட் அதிகாரியோடு வாய்த்தர்க்கத்தில் நின்றான். இராசு தன் பையைத் தோளில் போட்டான். "போயிட்டு வாறேண்ணே," என்றான். "ஓம்," என்றேன். அந்த வெள்ளைக்காரருக்கு நடுவில் அவனும் ஏணியில் இறங்கினான். ஓடவில்லை. ஒரு கிழவன் அவனுக்குச் சிகரெட் நீட்டினான், அதை வாங்கிப் பற்றவைத்துக்கொண்டு துறைமுக வாசலைத் தாண்டிவிட்டான். ஏஜன்ட் திரும்பிப் பார்த்தபோது ஓரம் வெறுமையாக இருந்தது. மத்தியானம் எங்கள் கப்பல் வெளிக்கிட்டது. உயிரோடு இருப்பான் என்று நான் நினைக்கவில்லை.

எண்பத்திமூன்று கலவரத்துக்குப் பிறகு நானும் இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்தேன். ஒரு நாள் சிட்னிக்குப் போய், பென்டில் ஹில்லில் மளிகைக் கடையில் முருங்கைக்காய் பொறுக்குகிறேன். பின்னால் ஒரு குரல்: "அண்ணன் வல்வெட்டித்துறையோ?" திரும்பினால் இராசு! கையிலிருந்த காய் கீழே விழுந்துவிட்டது. பழத்தோட்டங்களில் ஒளித்து வேலை செய்திருக்கிறான். எண்பதில், அனுமதியில்லாமல் இருப்பவர்கள் வந்து பதியலாம் என்று அரசாங்கம் அறிவித்ததும், முதல் நாளே போய் நின்றிருக்கிறான். எங்கே பிறந்தாய் என்று அங்கேயும் கேட்டார்களாம். உண்மையைத்தான் சொன்னானாம்.

சரி, போகப் போகிறவர்களுக்கு. ஸ்பென்சர் ஸ்ட்ரீட்டுக்கு இப்போது சதர்ன் கிராஸ் என்று பெயர். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, பதினொரு மணித்தியாலம் அளவில் எடுக்கும். பகல் ரயிலே எடுங்கோ, இரவில் போனால் அந்த வெறும் நிலத்தைக் காணமாட்டீர்கள். அதைக் கட்டாயம் காணவேண்டும், அது யாருடையது என்றும் யோசிக்கவேண்டும். கட்டணம் அடிக்கடி மாறுகிறது, முன்கூட்டியே பதிந்தால் மலிவு. சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கோ. பிர்மொண்ட் துறை இப்போது மாடி வீடுகள். தண்ணீர்க்கரையில் உட்கார வாங்கு போட்டிருக்கிறார்கள், இருந்து பார்க்கலாம். நான் போகிற ஒவ்வொரு முறையும் இருக்கிறேன்.

அன்று ஸ்பென்சர் ஸ்ட்ரீட்டில் ஏறியவர்கள் மூன்று பேர். அருளப்பு கனடாவில் கண் மூடினான். என்னை டாக்டர் இனிக் கணக்கில் சேர்ப்பதில்லை. மிச்சம் இருப்பவன் பென்டில் ஹில்லில் இருக்கிறான். யார் கேட்டாலும் முதலில் தோட்டத்தைச் சொல்லுவான், பிறகு அவுஸ்திரேலியா என்பான், கடைசியாகத்தான் பெயர்: பெரியசாமி இராசு.