அளக்காமல் விற்ற முதுகுப் பைகள்

கடையில் நின்று சாமான் விற்றவர்களுக்கு இது தெரியும்: வாடிக்கையாளர் கேட்கும் கேள்விகளிலேயே பொல்லாத கேள்வி, "நீங்கள் இதைப் பாவித்திருக்கிறீர்களா?" என்பதுதான். சவரக்கத்தி விற்ற பெண்களும் சேலை விற்ற ஆண்களும் என் கட்சிக்காரர்கள். நான் வேட்டைக்காரர்களுக்கு முதுகுப் பை விற்றவன்.

எண்பதுகளின் நடுவில் தொடங்கி அடுத்த பத்துப் பன்னிரண்டு வருடம், வட லண்டனில் வேட்டைச் சாமான் விற்கும் ஒரு கடையில் நின்றேன். சுடுகிற துவக்கு அங்கே கிடையாது. சப்பாத்து, மழைக்கோட்டு, தொப்பி, பை, அவ்வளவுதான். நடந்தவற்றில் சிலதைச் சொல்கிறேன். சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரியுங்கள். எனக்கு அநேகமானவற்றை நினைத்தால் இன்றைக்கும் முகம் சுடுகிறது.

வாயில் வந்த பன்றி

அதற்கு முன் வேலை கேட்டுப் போன நான்கு இடங்களில் என்னைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். மனைவியும் மூன்று வயது மகளும் யாழ்ப்பாணத்தில், கோண்டாவிலில் இருந்தார்கள். அவர்களைக் கூப்பிடுவதென்றால் நிலையான வேலை இருக்கிறதென்று முதலாளி பக்கத்திலிருந்து ஒரு கடிதம் வேண்டும், அதுவும் ஒரு வருடமாவது வேலை செய்தபிறகு, என்று லோயர் சொல்லிவிட்டார். கிழக்கு லண்டன் செவன் கிங்சில் மச்சான் வீட்டு முன்னறையில் படுத்துக்கொண்டு நான் யோசித்ததெல்லாம் அந்தக் கடிதத்தைப் பற்றித்தான்.

கடை மனேச்சர் மிஸ்டர் லாங்ஸ்டன் என் விண்ணப்பத்தைப் பார்க்கவே இல்லை. "வேட்டைக்குப் போயிருக்கிறாயா?" என்று கேட்டார். எங்கள் வீட்டுக்குள் முட்டைகூட வந்தது கிடையாது. "யெஸ்" என்றேன். எதை வேட்டையாடினாய் என்றார். "காட்டுப்பன்றி" என்றேன். பள்ளிக்கூடப் புத்தகத்தில் படம் பார்த்ததோடு சரி. மனிதர் எழுந்துவந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்படியே என்னைக் கடைக்குள் கூட்டிக்கொண்டு போய் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "கடைசியில் நமக்கு உண்மையாகவே காட்டுக்குள் போன ஒரு ஆள் கிடைத்திருக்கிறார்."

விமானத்துக்குக் கட்டிய பை

எங்கள் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. பாரம் சுமக்கப் பை கேட்டு வருகிறவருக்கு, பைக்குள் மணல் மூட்டைகளை வைத்து, போடச் செய்து, மாடிப்படியில் இரண்டு தரம் ஏறி இறங்கச் சொல்வோம். மூட்டை வைப்பது என் வேலை. ஊருக்குப் போகிற சனத்துக்குப் பெட்டி கட்டிக் கொடுத்துப் பழகிய கை இது. பாரமானதெல்லாம் அடியில், பாரமில்லாதது மேலே, மிச்ச இடைவெளியில் துவாய்த் துணி. அப்படியே கட்டினேன்.

முதல் வாடிக்கையாளர் ஒரு பெரிய உடம்புக்காரர். நாலாவது படியில் பை அவரைப் பின்னுக்கு இழுத்தது. கைபிடியைப் பிடித்துக்கொண்டு ஆகாயத்தைப் பார்த்தபடி நின்றார். பாரமானதை முதுகோடு ஒட்டி, தோள்களுக்கு நடுவே வைக்கவேண்டும் என்பது எனக்கு அதற்குப் பிறகுதான் தெரியும். நான் ஓடிப்போய்ப் பின்னால் நின்று தாங்கினேன். அவர் திரும்பாமலே கேட்டார்: "நான் மானைச் சுமக்கவேண்டுமா, மான் என்னைச் சுமக்கவேண்டுமா?"

உள்ளே என்ன வைப்பீர்கள்?

ஒரு நாள் பயணத்துக்குப் பை கேட்கிறவரிடம் முதலில் கேட்கவேண்டியது, உள்ளே என்ன வைப்பீர்கள் என்பது. எனக்கு அந்தக் கேள்வி வாயில் வராது. பதிலைக் கேட்க மனம் வராது என்பதுதான் உண்மை. ஒரு மெலிந்த கிழவருக்கு அழகான பச்சைக் கன்வஸ் பை ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். எனக்கே ஆசையாக இருந்தது. உள்ளே கழுவித் துடைக்கிற மாதிரி ரப்பர் விரிப்புக் கிடையாது. அது ஏன் தேவை என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை கிழவர் வந்தார். இரண்டு முயல்களைச் சுட்டு அதற்குள் போட்டிருக்கிறார். கன்வஸ் வழியாக ஊறிக் கோட்டு, சட்டை, ரயில் ஆசனம் எல்லாம் இரத்தம். பெட்டியில் இருந்தவர்கள் எழும்பி வேறு பெட்டிக்குப் போய்விட்டார்களாம். பின்னறைத் தொட்டியில் அந்தப் பையை நான்தான் கழுவினேன். கந்தசஷ்டி விரதம் எனக்கு. அன்றைக்கு ஆர்ச்வே முருகன் கோயிலுக்குப் போய்க் கடைசி வரிசையில் நின்றுவிட்டு வந்தேன். கை மணத்தது எனக்கு மட்டும்தானா, பக்கத்தில் நின்றவருக்குமா என்று தெரியாது. கிழவர் கடையில் சொன்னது இதுதான்: "இதற்குள் நான் சாண்ட்விச் கொண்டுபோவேன் என்று நினைத்தீர்களா?"

யூட்டின் விசாரணை

கடையின் களஞ்சியத்தில் யூட் என்று ஒரு மன்னார்ப் பொடியன் வேலைக்கு வந்தான். பொடியன் என்றாலும் என்னைவிட இரண்டு வயதுதான் குறைவு. தெற்கு லண்டன் தோர்ண்டன் ஹீத்திலிருந்து வருவான். மடுக் காட்டுப் பக்கம் தகப்பனோடு உண்மையாகவே வேட்டைக்குப் போனவன். மிஸ்டர் லாங்ஸ்டன் அவனிடம் என் பன்றிக் கதையைப் பெருமையாகச் சொல்லிவிட்டார்.

தேநீர் நேரத்தில் அருகில் வந்து இருந்தான். "எந்தக் காட்டிலை அண்ணை?" என்றான். வன்னிப் பக்கம் என்றேன். "என்ன துவக்கு?" கறுப்புத் துவக்கு என்றேன். "சுட்டுப்போட்டு எப்பிடித் தூக்கினனீங்கள்?" நான் பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்தேன். அது உடைந்து உள்ளே விழுந்தது. வேலை போனால் கடிதம் போகும், கடிதம் போனால் மனைவியும் மகளும் அங்கேதான் என்று கணக்குப் போட்டேன். அவன் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுச் சொன்னான்: "பயப்பிடாதேங்கோ அண்ணை, நான் ஒருத்தரிட்டையும் சொல்லமாட்டன், ஆனா ஒரு பண்டி உங்களைக் கண்டால் விழுந்து விழுந்து சிரிக்கும்."

மிஸஸ் ஹேலின் உயரம்

பையின் அளவை ஆளின் உயரத்தைப் பார்த்து எடுக்கக்கூடாது. தலையைக் குனியச் சொல்லி, கழுத்தடியில் துருத்தும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்புவரை அளக்கவேண்டும். அப்போதுதான் இடுப்புப் பட்டி இடுப்பில் நிற்கும், பாரம் தோளை விட்டு இறங்கும். முதல் நாளே மிஸ்டர் லாங்ஸ்டன் சொல்லித் தந்து அளவு நாடாவையும் தந்திருந்தார். ஆண்களை அளந்தேன். பெண்கள் வந்தால் கண்ணால் அளந்தேன். பழக்கமில்லாத ஒரு பெண்பிள்ளையைத் திரும்பி நிற்கச் சொல்லி, கழுத்தில் விரல் வைத்து, இடுப்பைத் தடவி எலும்பு தேட என்னால் ஏலாமல் இருந்தது. மரியாதை என்று அதற்குப் பெயர் வைத்திருந்தேன்.

மிஸஸ் ஹேலுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். நல்ல உயரம். புருஷன் செத்தபிறகு ஒவ்வொரு இலையுதிர்காலமும் ஸ்கொட்லாந்தில் ஒரு மலையில் போய் வேலை செய்பவர். குதிரை இறங்காத சரிவுகளில் மான் இறைச்சியைத் துண்டு துண்டாக முதுகில் சுமந்து இறக்குவது வேலை. வருடம் முழுக்க அந்த ஆறு வாரத்துக்காகத்தான் காத்திருப்பதாகச் சொன்னார். உயரத்தைப் பார்த்தேன், பெரிய பையை எடுத்தேன். அவருடைய உயரமெல்லாம் காலில் இருந்தது, முதுகு கட்டை. போகும்போது என் கையைப் பிடித்துச் சொன்னார்: "தெரிந்த ஒருவரிடம் வாங்குவது எவ்வளவு நிம்மதி."

ஒரு தலையாட்டல்

நவம்பரில் மிஸஸ் ஹேல் திரும்பி வந்தார். பட்டி இடுப்புக்குக் கீழே தொங்க, முழுப் பாரமும் தோளில் இறங்கியிருந்தது. இரண்டு தோளிலும் தழும்பு. வலது கையில் இரண்டு விரல் மரத்துப்போய்க் கோப்பையைப் பிடிக்க முடியவில்லை. நரம்பு நசிந்திருக்கிறது, நாளாகும் என்று டொக்டர் சொன்னாராம். சத்தம் போடவில்லை. "அளவு சரியாக இருந்ததா என்று மட்டும் கேட்க வந்தேன்" என்றார்.

நான் வாயைத் திறக்குமுன் மிஸ்டர் லாங்ஸ்டன் வந்துவிட்டார். "எங்கள் ஆள் காட்டில் பன்றி சுமந்தவர் மேடம். அவர் அளந்தால் பிழை வராது. நீங்கள் அங்கே பட்டியைச் சரியாக இறுக்கியிருக்க மாட்டீர்கள்" என்று சொல்லி, "இல்லையா?" என்று என்னைப் பார்த்தார். அந்த வெள்ளிக்கிழமை என் கடிதத்தில் கையெழுத்து வைப்பதாகச் சொல்லியிருந்தார். நான் தலையாட்டினேன். பேசாமல் நின்றிருந்தாலும் பரவாயில்லை. ஆட்டினேன். மிஸஸ் ஹேல் தன் மரத்துப்போன விரல்களைப் பார்த்தார். பிறகு என்னிடம் சொன்னார்: "உங்கள்மேல் சந்தேகப்பட்டதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள்."

சிவந்த தோள்

கடிதம் வந்தது. ஏப்ரலில் மனைவியும் மகளும் வந்தார்கள். மனைவி கொழும்பிலிருந்து மகளை இடுப்பிலும் ஒரு பெரிய பையை ஒற்றைத் தோளிலுமாகத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். மச்சான் வீட்டில் கோட்டைக் கழற்றியபோது தோளில் பட்டி அழுத்திய இடம் நீளத்துக்குச் சிவந்து வீங்கியிருந்தது. ஐந்து மாதமாக நான் பார்க்காமல் இருக்கப் பாடுபட்ட ஒன்றை யாரோ கண்முன் பிடித்துக் காட்டின மாதிரி இருந்தது. சந்தோஷப்படவேண்டிய நேரத்தில் சுவரைப் பார்த்து நின்றேன். அவள் கேட்டாள்: "ரெண்டு நாளிலை மாறீடும் இது, இதுக்குப் போய் ஏன் முகத்தை அப்பிடி வச்சிருக்கிறியள்?"

டெலிபோன்

அடுத்த நாள் பழைய பற்றுச்சீட்டில் மிஸஸ் ஹேலின் நம்பரைத் தேடி எடுத்தேன். கடிதம் பத்திரமாகக் காரியம் முடித்தபிறகுதான் எனக்கு நேர்மை வந்தது என்பதைக் கவனியுங்கள். இதை நான் உங்களிடம் மறைத்திருக்கலாம்.

நான் அளக்கவே இல்லை, வெட்கப்பட்டுக் கண்ணால் பார்த்துத் தந்தேன், வேட்டைக்கு வாழ்நாளில் போனதில்லை, பிழை முழுக்க என்னுடையது என்று ஒரே மூச்சில் சொன்னேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "ஐந்து மாதமாக நான் என் வயதைத் திட்டிக்கொண்டிருந்தேன், உங்களைத் திட்டியிருக்கலாமே."

கடைசியில் ஒரு அளவு

செவ்வாய்க்கிழமை கடைக்கு வந்தார். விரல்கள் அநேகமாகச் சரியாகிவிட்டன. "அளந்து பாருங்கள்" என்று சொல்லித் திரும்பி நின்று தலையைக் குனிந்தார். கழுத்தடி எலும்பில் விரல் வைத்தேன். இடுப்பெலும்பைத் தேடக் கை போகாமல் நின்றபோது அவரே என் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தார். நான் கொடுத்திருந்த பை அவருக்கு மூன்று அங்குலம் அதிக நீளம். அந்த மூன்று அங்குலத்தைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும்.

அவர் முன்னாலேயே மிஸ்டர் லாங்ஸ்டனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மனிதரின் காது சிவந்தது. "நானும் உங்களிடம் பிழையாகப் பேசிவிட்டேன்" என்று மிஸஸ் ஹேலிடம் சொல்லிவிட்டு உள்ளே போனவர் பின்னேரம்வரை வெளியே வரவில்லை. ஏன் என்னை வேலையிலிருந்து நிறுத்தவில்லை என்று நான் கடைசிவரை கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

யூட் சிறிய பையைக் கொண்டுவந்தான். மணல் மூட்டைகளை முதுகோடு ஒட்டி வைத்து, இடுப்புப் பட்டியை முதலில் இறுக்கி, பிறகு தோள் பட்டியைச் சரிபார்த்தேன். மூன்று தரம் படியேறி இறங்கினார். கைகள் இரண்டையும் வீசி நடந்தார். முகம் மலர்ந்திருந்தது. செப்டெம்பருக்கு இது போதும்தானே என்று கேட்டேன். பட்டியைக் கழற்றிப் பையை மெதுவாக மேசையில் வைத்தார். இனி வரமாட்டேன் என்று மலைக்காரர்களுக்கு டிசம்பரிலேயே எழுதிவிட்டாராம், அவர்கள் வேறு ஒரு இளம் ஆளை எடுத்துவிட்டார்களாம். பையை ஒருதரம் தடவிவிட்டுச் சொன்னார்: "இது மிகச் சரியாக இருக்கிறது, போவதற்குத்தான் எனக்கு இடமில்லை."

அதற்குப் பிறகு கடையை விடும்வரை ஆண், பெண், கிழவர், குமர்ப்பெண் யார் வந்தாலும் "முதலில் திரும்பி நில்லுங்கள்" என்று சொல்லி அளந்துதான் விற்றேன். திரும்பி நிற்கிறவர்களுக்கு என் முகம் தெரியாது என்பது அதில் எனக்குக் கிடைத்த மேலதிக வசதி.