மச்சான் கையில் கயிறு

திரேஸ்புரத்து ரோச் சங்கு குளிக்கிறவர். அவர் கடலுக்கடியில் இருக்கும்போது, மேலே வள்ளத்தில் அவரை இழுத்துத் தூக்கும் கயிறு மச்சான் ஜாக்சன் கையில் இருக்கும். ஜாக்சன், ரோச்சின் மனைவி பிளாரன்சுக்கு அண்ணன். அந்தக் கரையில் அதுதான் வழக்கம். கூடப்பிறந்தவன் பங்காளி, இவர் செத்தால் அவனுக்கு வள்ளத்தில் பங்கு கூடும். மச்சானுக்கோ, கயிறு நழுவினால் தாலியறுப்பது சொந்தத் தங்கச்சி.

போன மழைக்காலத்தில் ரோச்சுக்குத் தூக்கம் போயிற்று. யாரோ காதுக்குள் ஜெபம் சொல்லுதாங்க என்றார். ஒருநாள் பாத்திரங்களைத் தெருவில் வீசி, தடுக்க வந்த பிளாரன்சின் கையை முறித்துவிட்டார். ஜாக்சன்தான் ஆட்டோவில் அமுக்கி ஏற்றிப்போய், ஊருக்கு வெளியே ஒரு தனியார் மனநல ஆஸ்பத்திரியில் சேர்த்தான். அங்கே கொஞ்சம் தெளிந்ததும், "உங்களுக்காகப் பேசவும் முடிவெடுக்கவும் யார் பேரைப் போடலாம்?" என்று கேட்டிருக்கிறார்கள். ரோச் யோசிக்கவே இல்லை. மச்சான் பேரைச் சொன்னார்.

அவரை வெளியே எடுக்க இலவசச் சட்ட உதவி கேட்டு வந்தது அவருடைய தம்பி ஆன்றோ. அந்த வேலையில் புதிதாகச் சேர்ந்த வக்கீல் நான். ஓட்டப்பிடாரம் பக்கம் பருத்தி எடுத்து வளர்ந்து, எங்கள் வீட்டில் முதல் பட்டம் வாங்கியவன். மனநலச் சட்டத்தை வரிவரியாகப் படித்திருந்தேன். அது போதும் என்று நினைத்தேன்.

ரோச் தெளிவாகத்தான் பேசினார். மாத்திரையில் நாக்கு மட்டும் தடித்திருந்தது. குளித்துக் குளித்து வலது காது அவிந்து கேட்காமல் போனதால் இடப்பக்கம் உட்கார்ந்தேன்.

"அண்ணாச்சி, விருப்பமில்லாம உங்கள இங்க வச்சிருக்க ஒரு வரம்பு இருக்கு. இதை விசாரிக்க மனநல வாரியம்னு ஒண்ணு இருக்கு, அதுக்கு எழுதிக் கேக்கலாம். மச்சான் பேரையும் எப்ப வேணாலும் மாத்தலாம். வெள்ளத்தாள்ல ஆன்றோ பேரை எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

"ஆன்றோவா?" ரோச் சிரித்தார். "ஏலே தம்பி, நீ கரிசக்காட்டுக்காரன்தான? பங்காளிகிட்டப் போயி கயிறக் குடுக்கச் சொல்லுதியே."

"அவருதான் கூட்டிட்டுப் போறேங்காரு."

"எம் பங்கு வேணும்லா அவனுக்கு. மச்சான் வருவான். இழுப்பான்."

ஜாக்சனை டீக்கடையில் பிடித்தேன். அவன் மறைக்கவில்லை.

"எங்கன இழுத்துக்கொண்டு விடச் சொல்லுதீங்க, வக்கீல் சார்? அவ வீட்லயா? மாவுக்கட்டப் பிரிச்சும் அவளுக்கு இன்னும் கை நீட்ட வரல. தங்கச்சிக்காகத்தான் மாப்ளயோட கயிறப் புடிச்சேன். இப்பமும் அவளுக்காகத்தான் உள்ள வச்சிருக்கேன். நீங்க புடிச்சிருந்தா விட்டுருவீகளா?"

நோயாளி சம்மதமில்லாமல் வாரியத்துக்கு நானாக எழுதச் சட்டத்தில் வழியில்லை. திரும்பிப் போய் ஜாக்சன் சொன்னதை அப்படியே ரோச்சிடம் சொன்னேன்.

"வேலை நேரத்துல அவன் அப்படித்தான் ஏசுவான்" என்றார்.

அவரை உள்ளே வைத்திருக்கச் சட்டம் தந்த முதல் கெடு முடிகிற நாள், ரோச் சவரம் செய்து, துணிப்பையை மடியில் வைத்து முன்னறையில் உட்கார்ந்திருந்தார். ஜாக்சன் உள்ளே போய், இன்னும் வைத்திருக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பின்வாசல் வழியாகப் போய்விட்டான். வீட்டில் பாதுகாப்பில்லை என்று டாக்டர்களும் எழுதினார்கள். நான்தான் ரோச்சிடம் சொல்லவேண்டி வந்தது. ஆன்றோவும் பக்கத்தில் நின்றார்.

"அண்ணே, எம்பேர ஒரு தரம் எழுதேன். வள்ளமும் வேண்டாம், பங்கும் வேண்டாம். வீட்டுக்கு வந்துரு."

ரோச் தம்பியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். "கடல் கலங்கிக் கெடக்கும். தெளியட்டும்னு மச்சான் பாக்கான்."

பையை நர்ஸ் வாங்கிக்கொண்டு போனாள்.

இப்படிக் கெடு நீண்டால் வாரியம் விசாரிக்க வேண்டும், விசாரித்தார்கள். வீட்டுக்குப் போக விருப்பமா என்று ரோச்சிடமே கேட்டார்கள். அவருக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று இடது காதருகே குனிந்து நானும் ஒருமுறை கேட்டேன்.

"மச்சான் வரட்டும்" என்றார்.

அதையே அவர் விருப்பமாக எழுதிக்கொண்டார்கள்.